நாரி நோவும் நாமும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



காலையில் பாடசாலைக் கீதத்துக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். எத்தனை பேர் முன்வாங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தோம் என்பது மேடைக்குத் தெரிந்தது. சிரிக்க வேண்டாம், மேடையில் இருந்த நாங்களும் கதிரையைப் பிடித்துத்தான் எழுந்தோம். ஆகவே இன்று நாரி நோவைப் பற்றியே பேசுவோம்.

இந்த நோ நமக்குப் புதிதல்ல. படுவான்கரை வயலில் குனிந்து களை பிடுங்கிய அம்மம்மாவுக்கும், நிலத்தில் இருந்து பன்பாய் இழைத்த மாமிக்கும் அது இருந்தது. எண்ணெய் பூசி, ஒத்தடம் பிடித்து, மறுநாள் வேலைக்குப் போனார்கள். நமக்கு வந்தபோது கூடவே ஒரு எம்.ஆர்.ஐ. அறிக்கையும் வந்தது. 'டிஸ்க் தேய்மானம்' என்று அதில் இருந்தது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி அதை வாசித்த நாளிலிருந்து பேரப்பிள்ளையைத் தூக்கவில்லை. மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கப் பயந்தாள். நோவைவிட அந்தச் சொல்தான் அவளைப் படுக்க வைத்தது.

அந்தச் சொல்லை விளங்கிக்கொள்வோம். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருப்பது டிஸ்க். நடுவில் நீர் நிறைந்த மென்பொருள், சுற்றிலும் உறுதியான நார் வளையம். வளர்ந்தவர்களில் அதன் நடுப்பகுதிக்கு இரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள மெல்லிய தகடுகளினூடாகவே ஊட்டம் ஊறிச் செல்ல வேண்டும். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர், நாளத்தில் ஒரு மருந்தை ஏற்றி, 24 மணித்தியாலம் வரை திரும்பத் திரும்பப் படம் எடுத்து, அது டிஸ்க்கினுள் போவதை உயிருள்ள மனிதரிலேயே கண்டார்கள். நடுப்பகுதியை அடைய அதற்குப் பல மணித்தியாலம் பிடித்தது. தகடு பழுதாகியிருந்தால் அந்தப் போக்கும் மாறியது. இடுப்பு முள்ளந்தண்டு ஆய்வுக்கான சர்வதேசச் சங்கத்தின் பரிசு 2004இல் இந்த ஆய்வுக்குக் கிடைத்தது.

இப்படி அரிதாக ஊட்டம் பெறும் உறுப்பு வயதோடு வற்றுவதில் வியப்பில்லை. நோவே இல்லாத ஆட்களின் படங்களை ஆராய்ந்த பல ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதினரில் 37 வீதமானோருக்கும், 50 வயதில் 80 வீதமானோருக்கும், 80 வயதில் 96 வீதமானோருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. அதாவது, பெரும்பாலும் அது நரைமயிர் போன்றது. "பாரம் தூக்கி நானே கெடுத்துக்கொண்டேன்" என்று நம்மை நாமே நோகவும் வேண்டாம். பின்லாந்தின் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், செய்த வேலையைவிடப் பரம்பரையின் பங்கே பெரிதாகத் தெரிந்தது.

படுத்திருந்தால் சுகமாகுமா? 1995இல் வெளியான ஆய்வொன்றில், திடீர் நாரி நோ கண்ட ஹெல்சிங்கி மாநகர ஊழியர்களில் சிலரை இரண்டு நாள் படுக்க வைத்தார்கள், சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், மற்றவர்களை இயன்றளவு வழக்கமான வேலையைத் தொடரச் சொன்னார்கள். விரைவில் தேறியவர்கள் வேலையைத் தொடர்ந்தவர்களே. பிதுங்கிய டிஸ்க்கும் பலருக்குத் தானாகவே சுருங்கும். சத்திரசிகிச்சை சிலருக்கே தேவைப்படும்.

ஆனால் ஒன்றைக் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். நாம் 'சலம்' என்ற சொல்லையே மெதுவாகச் சொல்லி வளர்ந்தவர்கள். நாரி நோவோடு சலம் போகாமல் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, மலம் அடங்காவிட்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நரம்புக்கட்டு நசிபடும்போது ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதியானது. மகனிடம் சொல்ல வெட்கம், மகள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்தமை, விழுந்தமை என்பவற்றையும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

டொரொண்டோவில் பனி அள்ளும் சகோதரிகளுக்கும், இலண்டனில் முதியோரைத் தூக்கிக் குளிப்பாட்டும் சகோதரிகளுக்கும் இதையே சொல்கிறோம். அறிக்கையைக் கண்டு முடங்காதீர்கள், ஆபத்தான அறிகுறியை ஒளிக்காதீர்கள்.

அந்தத் தோழி இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். காலையில் கல்லடிப் பாலத்தில் நடந்துவிட்டுத்தான் வந்தாள். நோ முழுதாகப் போகவில்லை, பயம் போய்விட்டது. பேரன் இப்போது அவள் இடுப்பில்தான்.

நெடுநேரம் இருந்துவிட்டோம். எல்லோரும் ஒருமுறை எழுந்து நில்லுங்கள். வாங்கைப் பிடித்து எழும்பினாலும் பரவாயில்லை.