ஜப்பானில் சைவ உணவு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் காலனிப் பிள்ளைகள் சிலர் இன்று தொழில் நிமித்தம் ஜப்பானில் வாழ்கின்றனர். பெற்றோரும் சென்று கண்டு வருகின்றனர். சென்ற ஆண்டு நாமும் அன்னையாரை அழைத்துக்கொண்டு ஒசாக்காவில் தம்பி இல்லத்தில் பன்னிரண்டு நாள் தங்கி வந்தோம். அந்நாட்டுக் கோயில்களையும் அதிவேக வண்டியையும் பற்றிப் பிறர் உரைப்பர். நாம் உரைக்க வந்தது வயிற்றுப்பாட்டைப் பற்றி.

அன்னையார் பிறந்தது முதல் ஊன் தீண்டாதவர். முதல் மூன்று நாளும் உணவகந்தோறும் "நிகு வேண்டா" என்று சொல்லி, வந்ததை மகிழ்ந்து உண்டோம். மிசோ என்னும் சோயா விழுதில் செய்த சூடான சாறு நம் ரசம் போலிருக்கிறதென்று அன்னையார் இரண்டாம் கிண்ணமும் கேட்டு வாங்கினார். நான்காம் நாள் உடன் வந்த தம்பியின் அலுவலக நண்பர் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார். அச்சாற்றின் அடிநீரே மீனிலிருந்து எடுத்ததாம்! அன்னையார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அன்று முழுதும் ஏதும் உண்ணவில்லை, எவரையும் கடிந்துகொள்ளவுமில்லை. நமக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தம்பி எல்லாம் உண்பவன். அவனுக்கு இது தோன்றவேயில்லை.

கடைக்காரர் பொய்யுரைத்தாரல்லர். நிகு என்பது அங்கே விலங்கின் ஊன். மீனுக்குச் சகானா என்று தனிச்சொல் உண்டு. 675ஆம் ஆண்டில் தெம்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் ஊனை விலக்கி ஆணையிட்டபோதும் மீன் அதில் சேரவில்லை. அடிநீருக்குத் தாஷி என்று பெயர். கட்சுவோ என்னும் மீனை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டை போல் உலர்த்திச் சீவிய சீவலில் பெரும்பாலும் அதைச் செய்கின்றனர். சாம்பாரில் என்னென்ன உண்டென்று எவரேனும் கேட்டால் நாம் பெருங்காயத்தைச் சொல்ல மறந்துவிடுவோம் அல்லவா? அவர்களுக்குத் தாஷி அத்தகையது.

ஆதலின் பார்சல் அலுவலகத்தில் செய்வதையே அங்கும் செய்தல் வேண்டும். மேலொட்டிய சீட்டை நம்பாது உள்ளிருப்பது யாதெனக் கேட்க வேண்டும். சோபா என்னும் குளிர்ந்த நூடுல்ஸ் பார்வைக்குச் சைவமே. தொட்டுக்கொள்ளும் சாற்றில் தாஷி இருக்கும். பொரித்த தோஃபுவின்மேல் ஊற்றுவதிலும் அதுவே. வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பாமாகியைப் பெரும்பாலும் உண்ணலாம். உமேபோஷி என்னும் புளிப்பு ஊறுகாய் வைத்த சோற்றுருண்டையும் பசிக்கு நல்லதே. எனினும் அவ்வூறுகாயிலும் சிலர் மீன்சீவல் கலப்பதுண்டு. டோக்கியோ ரயில் நிலையத்தினுள்ளேயே ஊன், மீன், முட்டை, பால் எதுவும் சேராத நூடுல்ஸ் விற்கும் டீஸ் தன்தன் என்னும் கடை இருப்பது ரயில்வேக்காரராகிய நமக்குப் பெருமகிழ்ச்சி.

பின்னர் தம்பி ஓர் அட்டையில் ஜப்பானிய எழுத்தில் எழுதிக் கொடுத்தான்: ஊனும் மீனும் மீன்தாஷியும் உண்ணோம், கொம்பு அல்லது ஷிதாக்கே காளானில் செய்த தாஷி எனில் உண்போம். கொம்பு என்றதும் மாட்டுக்கொம்போ என்று அன்னையார் திடுக்கிட்டார். அது கடற்பாசி! அட்டையைப் படித்த சமையற்காரர் சிலர் இயலாதென்று தலைவணங்கினர். அம்மறுப்பையும் நன்றியுடன் ஏற்றோம்.

இறுதியில் ஒசாக்கா நம்பா நிலையத்தில் வண்டியேறி, கோகுராகுபாஷியில் இறங்கி, கம்பிவட வண்டியில் கோயாசான் மலை சேர்ந்தோம். கூக்காய் என்னும் துறவி 816இல் அரசரிடம் கேட்டுப் பெற்ற மலை அது. அங்குள்ள மடங்களில் தங்குவோர்க்கு ஷோஜின் ரியோரி என்னும் துறவியர் உணவு படைக்கின்றனர். ஊன், மீன் மட்டுமன்றி வெங்காயம், பூண்டும் இல்லை. எள்ளையும் கிழங்கு மாவையும் கிண்டிச் செய்த எள் தோஃபு நம் களி போல் நாவில் கரைந்தது. சாறு வந்தவுடன் அன்னையார் தாமே, "தாஷி?" என்று வினவினார். "கொம்பு" என்றார் இளந்துறவி. இரண்டாம் கிண்ணமும் வந்தது.

மடத்தில் தங்க முன்பதிவு செய்துகொள்ளல் நன்று. அட்டையின் படி நம்மிடம் உள்ளது. செல்லவிருப்போர் மாலையில் வீட்டிற்கு வந்து பெற்றுக்கொள்ளலாம்.