கக்கூஸும் வேண்டும், கிணறும் வேண்டும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டுக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



வீட்டுக்கு வீடு கக்கூஸ் வேண்டும் என்பது நமது நியாயமான கோரிக்கை. அதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஆனால் கக்கூஸ் கட்டித் திறப்பு விழா நடத்துகிறவர்கள் ஒரு கேள்வியைக் கேட்பதே இல்லை. குழியில் விழுவது எங்கே போகிறது?

செப்டிக் டேங்க் அழுக்கை அழித்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கசடு அடியில் தங்குகிறது. மேலே நிற்கும் அழுக்கு நீர் வெளியேறுகிறது. அதைச் சுத்தம் செய்யும் வேலையை மண்தான் செய்தாக வேண்டும். ஆகவே முதலில் மண்ணைப் பரீட்சை செய்ய வேண்டும்.

இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். உறிஞ்சு குழி வரப்போகும் இடத்தில், அதே ஆழத்தில் சிறு குழி வெட்டுங்கள். தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுவதும் ஊற விடுங்கள். காலையில் மறுபடி ஊற்றி, அளவுக் குச்சி நட்டு, 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 60 நிமிடத்துக்கு மேல் ஆனால் அந்த மண் உறிஞ்சு குழிக்கு லாயக்கில்லை. கெட்டிக் களிமண் அப்படிப்பட்டது. மழைக்காலத்தில் குழி பொங்கித் தெருவுக்கு வரும்.

கிணற்று மட்டத்தையும் பார்க்க வேண்டும். சித்திரையில் பார்த்தால் ஏமாந்து போவோம். ஐப்பசி, கார்த்திகையில் நீர் மேலே ஏறி நிற்கும்போது பார்க்க வேண்டும். குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டராவது மண் இருப்பது நல்லது.

சரி, தண்ணீர் வேகமாக இறங்குகிறது, மண் நல்ல மண் என்று சந்தோஷப்படலாமா? அங்கேதான் அடுத்த ஆபத்து. மலத்திலும் மூத்திரத்திலும் உள்ள நைட்ரஜன், காற்றோட்டமுள்ள மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. மண் கிருமியைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும்; நைட்ரேட்டைப் பிடித்து வைக்காது. அது தண்ணீரோடு கிணற்றுக்குப் போகிறது. நிறமில்லை, வாசனையில்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடும். கிணற்றுக்கு 18 மீட்டர் தள்ளிக் கட்டு என்ற விதி கிருமிக்காக வைத்தது, நைட்ரேட்டை நிறுத்தாது.

1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் காம்லி என்ற டாக்டர், கிணற்று நீரில் கரைத்த புட்டிப்பால் குடித்த சிசுக்கள் நீலம் பாரித்ததை எழுதி வெளியிட்டார். நைட்ரேட்டால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்திருந்தது. நமது நாட்டில் குடிநீருக்கு எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கைப்படி, 440 மாவட்டங்களில் அந்த எல்லை மீறிய நீர் கிடைத்திருக்கிறது. உரமும் மாட்டுச்சாணமும் இதற்குக் காரணம். கழிவுக் குழிகளும் காரணம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஆள் ஆண்டுக்கு 3 கிலோ நைட்ரஜன் கழிப்பதாக வையுங்கள். அதை எல்லைக்குள் கரைக்கச் சுமார் 3 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். 5 பேர் உள்ள குடும்பத்துக்கு 15 லட்சம் லிட்டர். மழையில் 100 மில்லிமீட்டர் பூமிக்குள் இறங்குவதாகக் கொண்டால், 3 சென்ட் மனையில் இறங்குவது சுமார் 12,000 லிட்டர்தான்! நைட்ரஜனில் பாதி கசடிலும் காற்றிலும் கழிந்தாலும் கணக்கு சரியாகாது.

பண்ணையார் பங்களாவிலும் செப்டிக் டேங்க் உண்டு. சுற்றிலும் பத்து ஏக்கரும் உண்டு. நமக்கோ லைன் வீடு, நெருக்கிய சேரி, நடுவில் ஒரு கைப்பம்பு. குற்றம் கக்கூஸின் மேல் இல்லை. நம்மை நெருக்கி வைத்த ஏற்பாட்டின் மேல்தான்.

ஆகவே நாம் கேட்பது இவைதான்: குழி வெட்டுமுன் மண் பரீட்சை. ஆண்டுதோறும் கிணறு, பம்பு நீரில் நைட்ரேட் பரீட்சை; முடிவைத் தெருவில் ஒட்ட வேண்டும். நெருக்கமான குடியிருப்புக்குப் பொதுச் சாக்கடையும் சுத்திகரிப்பும். அதுவரை பரீட்சித்த குழாய்த் தண்ணீர். டேங்க் சுத்தம் இயந்திரத்தால். 2013 சட்டம் தடுத்திருக்கும் கொடுமைக்கு எந்தத் தொழிலாளியையும் இறக்கக் கூடாது.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே தூரத்தை அளந்து எழுதி வாருங்கள். தெருத் தெருவாக அந்தக் கணக்கைச் சேர்த்து, ஊராட்சி அலுவலகத்துக்கு ஒன்றாகப் போவோம்!