ஊசியும் மானமும்



நினைவுச் சொற்பொழிவில் பால்வினை நோய்ப் பரிசோதனையைப் பற்றியா பேசுவது என்று கேட்கலாம். நம் மரபில் அதற்கு இடமுண்டு. பாலியல் நலம் பற்றி எழுதிய ஆர்.டி. கார்வே மீது ஆபாச வழக்குப் போட்டபோது, 1934இல் அவருக்காக வாதாடியவர் அண்ணல் அம்பேத்கர். வழக்கில் தோற்றார். ஆனால் தன் உடலைப் பற்றிக் கேட்பவருக்குப் பதில் கிடைக்க வேண்டும் என்ற அவரது வாதம் தோற்கவில்லை.

1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதனை நடந்தது. பெரிய சாதனைதான். ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. பின்னர் தொற்றுள்ள பெண்கள் காப்பகத்திலேயே அடைத்து வைக்கப்பட்டார்கள். 1990இல் நீதிமன்றம் போன பிறகே விடுதலை கிடைத்தது. பரிசோதனை சிறைக்கும் இட்டுச் செல்லும் என்பது நாம் மறக்கக் கூடாத பாடம்.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் ஒப்புதலின்றிப் பரிசோதிக்காதே, முடிவை வெளியே சொல்லாதே, வேலையில் பாகுபாடு காட்டாதே என்கிறது. இந்தச் சட்டத்தை அன்றாடம் காப்பாற்ற வேண்டியவர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர். விரலில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுப்பது எளிது. குத்தும் முன் எதற்கென்று விளக்குவதும், முடிவு தெரிந்தபின் பயம் போக்கி நம்பிக்கை மையத்துக்கு அனுப்புவதும்தான் கடினம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சிபிலிஸ் பென்சிலின் ஊசியில் குணமாகிவிடும். வெட்கத்தால் மறைத்தால் வயிற்றுப் பிள்ளையையும் தாக்கும்.

இனி நம் ஓசூருக்கு வருவோம். சிப்காட், அத்திப்பள்ளி எல்லை, இரவு ஷிப்ட், தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி. லாரி ஓட்டுநரையும் புலம்பெயர் தொழிலாளியையும் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ‘பாலம்’ என்று வகைப்படுத்துகிறது. நோய் கடந்துபோகும் வழியாகத்தான் அங்கே மனிதர் தெரிகிறார். பெண்ணுக்கோ பரிசோதனைக் கதவு பெரும்பாலும் கர்ப்பமானால்தான் திறக்கிறது. விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண், வெள்ளைப்படுதல், எரிச்சல் என்று வந்தால் “கல்யாணம் ஆயிடுச்சா?” என்பது முதல் கேள்வி. “எந்த ஊர், எந்தத் தெரு?” என்பது அடுத்தது. தெருப்பெயர் எதைக் காட்டிக்கொடுக்கும் என்று இந்த அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவள் திரும்பிப் போய் மருந்துக் கடையில் நாலு மாத்திரை வாங்கிக்கொள்வாள். நோய் அடங்கினாற்போல இருந்து மீண்டும் வரும்.

இதைச் செவிலியர் மீது பழியாகச் சொல்லவில்லை. 2015க்குப் பிறகு ஒப்பந்தச் செவிலியர்களை அரசு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடினார்கள். பிரசவம், தடுப்பூசி, காய்ச்சல் வரிசை எல்லாம் பார்த்துவிட்டு, ஒருத்தியிடம் நிதானமாகப் பேச அவருக்கு நேரம் எங்கே? பிறர் ரத்தத்தைத் தொடும் வேலையை இழிவென்றது சாதி. அந்த வேலைக்கு நிரந்தரம் மறுக்கிறது அரசு.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை: கதவு சாத்தக்கூடிய ஓர் அறை. ஷிப்ட் முடிந்து வருவோருக்கு மாலை நேரம். வார்டனும் சூப்பர்வைசரும் இல்லாமல், ரகசியம் காக்கும் மொழிபெயர்ப்பாளர். சிகிச்சைக்குத் தேவையில்லாத கேள்விகளுக்குத் தடை. செவிலியருக்குப் பணி நிரந்தரம்.

செவிலியரின் உரிமையும் அவரிடம் வரும் பெண்ணின் மானமும் ஒரே போராட்டம். மாணவர்கள் அதைக் கையில் எடுக்க வேண்டும். ஜெய்பீம்.