கல்லீரலில் ஒளிந்திருக்கும் வளையம்

(மருத்துவமனையின் நண்பர்கள் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



“மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனே, கிருமி ஏன் இன்னும் போகவில்லை?” என்று ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள் எங்களைக் கேட்பதுண்டு. விடை அந்த வைரஸின் டி.என்.ஏ.வில் இருக்கிறது. அதை எளிமையாகச் சொல்ல விரும்புகிறேன்.

மனிதனின் டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துக்கள் உண்டு. இந்த வைரஸுக்கோ சுமார் 3,200தான். அது வளைய வடிவமானது. அதன் இரண்டு இழைகளில் ஒன்று நீளமானது. மற்றொன்று பாதியில் நின்றுவிட்டது.

வைரஸ் கல்லீரல் செல்லில் நுழைந்ததும் இந்த அரைகுறை வளையம் அணுக்கருவைச் சேர்கிறது. அங்கே நம் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் என்சைம்களே அதையும் முழுமையாக்கி மூடிவிடுகின்றன. திருடன் கொண்டுவந்த உடைந்த ஏணியை வீட்டுக்காரரே சரிசெய்து கொடுத்ததுபோல! பிறகு அந்த வளையத்திலிருந்து ஆர்.என்.ஏ. நகல்கள் உண்டாகின்றன. வைரஸின் சொந்த என்சைம் அவற்றைப் பார்த்து மறுபடியும் டி.என்.ஏ.வை உருவாக்குகிறது. இந்தத் தலைகீழ் முறையை 1982இல் சம்மர்ஸ், மேசன் என்ற விஞ்ஞானிகள் வாத்துகளைத் தாக்கும் இதே இன வைரஸில் கண்டறிந்தார்கள்.

டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் அந்த என்சைமைத் தடுக்கின்றன. இரத்தத்தில் வைரஸ் வெகுவாகக் குறைகிறது. ஆனால் மூல வளையம் அணுக்கருவிலேயே தங்கிவிடுகிறது. மாத்திரையை நாமாக நிறுத்தினால் அது மீண்டும் தலைதூக்கும். ஆகவே, மருத்துவர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

அந்த வளையம் உள்ளே குடியேறாமல் காப்பதே மேலானது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்று பெறும் 100 குழந்தைகளில் சுமார் 90 பேருக்கு அது நீடித்த நோயாகிவிடுகிறது. பெரியவர்களில் 5 பேருக்கும் குறைவாகவே அப்படி ஆகிறது. எனவே ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும். இந்த ஊசியில் வைரஸின் டி.என்.ஏ. இல்லை, ஈஸ்ட் செல்களில் தயாரித்த அதன் மேலுறைப் புரதம் மட்டுமே உண்டு. ஆகவே பயப்பட வேண்டாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. இந்நோய் இரத்தத்தின் வழியாகவும், உடலுறவினாலும், தாயிடமிருந்து சேய்க்கும் பரவும். ஒரே பந்தியில் உண்பதால் பரவாது. நோயுற்றவருக்கு நம் வீட்டில் தனித்தட்டு வேண்டாம்; நம் உள்ளத்திலும் வேண்டாம்.