மரக்கழிவில் அடங்கியவை: பட்டமளிப்பு விழா உரை

சீமைக்கருவேல விறகானாலும் கரும்புச் சக்கையானாலும் பருத்திமாரானாலும், காய்ந்த தாவர உடலில் பெரும்பகுதி மூன்றே பொருள்கள். எடையில் 40 முதல் 50 விழுக்காடு வரை செல்லுலோஸ். ஏறத்தாழ கால் பங்கு ஹெமிசெல்லுலோஸ். மீதியில் பெரும்பாலானது லிக்னின். முதல் இரண்டும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலிகள். லிக்னின் வேறு இனம். பென்சீன் வளையங்கள் ஒழுங்கில்லாமல் பின்னிக்கிடக்கும் பிசின் அது. வைக்கோல் கலந்து பிசைந்த சுவரில் மண் எப்படியோ, அப்படிச் செல்லுலோஸ் இழைகளை இறுக்கிப் பிடித்திருக்கிறது. மரம் நிமிர்ந்து நிற்பது இந்தப் பிடிப்பால்தான். வெட்டிப் போட்ட கட்டை எளிதில் மக்காததும் இதனால்தான். மரக்கழிவிலிருந்து எரிபொருளும் வேதிப்பொருளும் எடுக்கும் தொழில் முழுவதும் இந்தப் பிடிப்பை அவிழ்க்கும் முயற்சியே.

மிகப் பழைய வழி நெருப்பு. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போடுவோர் விறகை நெருக்கமாக அடுக்கி, தழை பரப்பி, ஈரமண் பூசி, உள்ளே தீ வைக்கிறார்கள். காற்று அளவோடு புகும்படி துளைகளைத் திறந்தும் அடைத்தும் நாள்கணக்கில் காவல் இருக்கிறார்கள். முதலில் எழும் அடர்ந்த வெண்புகை பெரும்பாலும் விறகின் ஈரம். அடுத்து வருவது கண்ணைக் கரிக்கும் புகை. கடைசியில் புகை மெலிந்து நீலம் பாயும்போது மூட்டம் வெந்துவிட்டதென்று துளைகளை அடைத்துவிடுவார்கள். நான்கைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி கிடைக்கும். கண்ணைக் கரித்த புகையில் இருந்த அசிட்டிக் அமிலம், மெத்தனால், ஃபீனால்கள், கீல் அத்தனையும் காற்றோடு போய்விடும். இது மூட்டம் போடுபவரின் குறையன்று. அவருடைய கண்ணளவு எந்தக் கருவிக்கும் இளைத்ததல்ல. மண் மூடிய குவியலில் புகையைப் பிடிக்க வழியில்லை, அவ்வளவுதான்.

அந்தப் புகையைப் பிடித்துக் குளிர்வித்து விற்ற பெரிய ஆலை ஒன்று தென்னிந்தியாவிலேயே இருந்தது. 1923 ஜனவரியில் பத்ராவதியில் உற்பத்தி தொடங்கிய மைசூர் இரும்பாலையின் அன்றைய பெயரிலேயே மர வடிப்பும் சேர்ந்திருந்தது. காட்டு மரத்தை மூடிய கலன்களில் சூடாக்கி, கரியை இரும்பு உலைக்கு அனுப்பினார்கள். ஆவியிலிருந்து மெத்தனாலும் அசிட்டேட் உப்பும் கீலும் எடுத்தார்கள். அதே 1923இல் ஜெர்மனியின் லாய்னாவில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் நிலக்கரி வாயுவிலிருந்து மெத்தனாலைச் செயற்கையாகத் தயாரிக்கத் தொடங்கியது. மர மெத்தனாலால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. உலகெங்கும் மர வடிப்பு ஆலைகள் தேய்ந்து போயின. மரவேதியியலின் வரலாற்றில் இந்தக் கதை திரும்பத் திரும்ப நிகழ்ந்திருக்கிறது: செய்முறை சரியாகவே இருக்கும், நிலக்கரியோ பெட்ரோலியமோ மலிந்து அதைத் தோற்கடிக்கும்.

வெப்பவழியின் இன்றைய வடிவங்கள் இரண்டு. மரத்தூளைக் காற்றில்லாமல் சுமார் 500 டிகிரி செல்சியஸில் ஓரிரு நொடி மட்டும் சூடாக்கி, ஆவியை உடனே குளிர்வித்தால், எடையில் 60 முதல் 75 விழுக்காடு வரை கரும்பழுப்புத் திரவம் கிடைக்கும். பார்வைக்கு எண்ணெய், ஆனால் அதில் கால் பங்கு தண்ணீர். இரும்பை அரிக்கும் அமிலமும் உண்டு. ஒரு கிலோ எரிந்தால் வரும் வெப்பம் டீசலில் பாதிகூடத் தேறாது. சேமித்து வைத்தால் கெட்டிப்படும். அதிலுள்ள ஆக்சிஜனை ஹைட்ரஜனால் நீக்கினால்தான் வண்டிக்கு உதவும். பணம் கரைவது அந்த இடத்தில்தான். மற்றொரு வழியில், மரத்தை 800 டிகிரிக்கு மேல் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். இரண்டாம் உலகப்போரின் பெட்ரோல் தட்டுப்பாட்டில் தமிழகச் சாலைகளில் ஓடிய கரிவாயு பஸ்கள் இத்தகைய வாயுவை நம்பியே ஓடின. இதை டீசலாகவும் மாற்றலாம். வினையூக்கியின் மேல் கீல் படியாமல் காப்பதுதான் பாடு.

மென்மையான வழியை ஒரு பூஞ்சை காட்டியது. அதே போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மட்கி உதிர்ந்தன. அவற்றை அரித்த பூஞ்சையை ஆராய்ந்தவர்களில் எல்வின் ரீஸ், மேரி மாண்டெல்ஸ் இருவரும் முதன்மையானவர்கள். செல்லுலோஸைக் குளுக்கோஸாக வெட்டும் நொதிகளை அது ஏராளமாகச் சுரந்தது. டிரைக்கோடெர்மா ரீசியை என்று ரீஸின் பெயரையே பெற்ற அந்தப் பூஞ்சையின் வழித்தோன்றல்கள் இன்றும் தொழிற்சாலைகளில் நொதி சுரந்துகொண்டிருக்கின்றன. ஆனால் லிக்னின் மூடியிருக்கும்வரை நொதிக்கு உள்ளே இடமில்லை. அழுத்த நீராவியோ நீர்த்த அமிலமோ கொண்டு முதலில் கட்டைத் தளர்த்தவேண்டும். அதன்பின்னும் ஒரு சிக்கல் உண்டு: ஹெமிசெல்லுலோஸ் தரும் சைலோஸைச் சாதாரண ஈஸ்ட் தொடாது, அதற்கென மரபணு மாற்றிய ஈஸ்ட் வேண்டும்.

இந்தியாவில் இந்த வழியில் எழுந்த பெரிய ஆலை பானிபட்டில் இருக்கிறது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் அந்த ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். அதாவது டன்னுக்கு 150 லிட்டர், எடையில் எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. நொதித்தலின் கணக்கே அப்படித்தான்: 180 கிராம் குளுக்கோஸில் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். கொள்முதலும் எளிதல்ல. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே உள்ள சில வாரங்களில் ஓராண்டுக்கான வைக்கோலையும் கட்டி ஏற்றிப் போர் வைக்கவேண்டும். வைக்கோலில் உள்ள சிலிக்கா இயந்திரப் பற்களைத் தேய்க்கும். இத்தாலியின் கிரெசென்டினோ, அமெரிக்காவின் அயோவா, ருமேனியாவின் பொடாரி ஆகிய இடங்களில் பெரும் முதலீட்டில் எழுந்த இத்தகைய எத்தனால் ஆலைகள் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே நின்றுபோயின. எத்தனால் ஒன்றை மட்டும் நம்புவது ஆபத்து என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நிலைத்து நிற்கும் ஆலைகள் ஒவ்வொரு கூறையும் தனித்தனியே விலையாக்குகின்றன. நார்வேயின் சார்ப்ஸ்போர்கில் போரேகார்ட் நிறுவனம் ஸ்ப்ரூஸ் மரத்தின் செல்லுலோஸைச் சிறப்புக் கூழாக விற்கிறது. கரைசலில் மிஞ்சும் சர்க்கரையை எத்தனாலாக்குகிறது. லிக்னினைக் கான்கிரீட்டில் தண்ணீரின் தேவையைக் குறைக்கும் கலவைப்பொருளாக்குகிறது. லிக்னினில் ஒரு சிறு பகுதியிலிருந்து 1962 முதல் வனிலின் எடுக்கிறது. ஒரு டன் மரத்துக்குச் சுமார் 3 கிலோதான் வனிலின் தேறும். ஐஸ்கிரீமுக்கும் சாக்லேட்டுக்கும் மணம் தரும் அந்த 3 கிலோவின் மதிப்பு எரிபொருளின் கணக்கில் அடங்காது. அசாமின் நுமாலிகரில் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட மூங்கில் ஆலையும் இந்தத் திசையில்தான் போகிறது. அங்கே எத்தனாலோடு அசிட்டிக் அமிலமும் ஃபர்ஃபியூராலும் வடிக்கப்படுகின்றன. ஃபர்ஃபியூரால் வார்ப்பாலைகளின் மணல் அச்சுகளை இறுக்கும் பிசினுக்கு மூலப்பொருள்.

இன்று பட்டம் பெறும் பொறியாளர்கள் தமிழகத்தில் எதிர்கொள்ளப்போவது வேதியியலைவிட மூலப்பொருளின் சிக்கலையே. சீமைக்கருவேலம் வேண்டிய அளவு கிடக்கிறது. ஆனால் அதை அகற்றும்படி நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சூழலுக்கு அதுவே நல்லது. இருபது ஆண்டு ஓடவேண்டிய ஆலையை அழியவேண்டிய மரத்தின்மேல் கட்ட முடியாது. அகற்றும் காலத்தில் இடம்விட்டு இடம் கொண்டுபோகக்கூடிய சிறு உலைகளே அதற்குப் பொருந்தும். நிலையான ஆலைக்குப் பருத்திமாரும் மரவள்ளிக் குச்சியும் துவரை மிளாரும் வேண்டும். இவை பரந்து கிடப்பவை, கனம் இல்லாமல் இடத்தை அடைப்பவை. லாரி வாடகையே விலையைத் தின்றுவிடும். எனவே வயலருகே நறுக்கி, அழுத்தி, கட்டியாக்கி அனுப்பும் ஏற்பாடு ஆலைக்கு முன்பே அமையவேண்டும். ஈரத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும்: பச்சை விறகின் எடையில் பாதி வரை தண்ணீர். எடைமேடையில் ஈரத்தை அளந்து, உலர் எடைக்கு விலை தந்தால் விவசாயி காயவைத்துக் கொண்டுவருவார். ஆலையின் நீராவிச் செலவும் அந்த அளவுக்குக் குறையும்.