திரும்பிய முகம்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லும் இளைஞர் சிலரை அவ்வூரில் நான் அறிவேன். எடை தூக்க அஞ்சாத அவர்கள், உடை மாற்றும் அறைக்குள் நுழையக் கூசுகிறார்கள். வியர்வையில் நனைந்த சட்டையோடே வீடு திரும்புகிறார்கள்.

அக்கூச்சத்தை நான் பழியேன். ‘ஜிம்னாசியம்’ என்பதே ‘ஆடையற்ற’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்ததாகும். பண்டைக் கிரேக்க ஆடவர் அவ்வாறே பயின்றனர். நம் மரபு வேறு. பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை, ஆடையின்றி நீராடலாகாது என்கிறது. உடுத்த ஆடையை நீருக்குள் பிழியலாகாது என்றும் விதிக்கிறது. பின்னதையே நான் பெரிதும் மதிக்கிறேன். அடுத்து நீராட வருபவரைப் பற்றிய கவலையன்றோ அது! ஈரத் துண்டைப் பொதுப் பலகையில் எறிந்துவிட்டுப் போகிறவர்களுக்கு அதைப் படித்துக் காட்டலாம்.

கிணற்றடியில் கதவு ஏது? துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஈர வேட்டியை உள்ளிருந்து உருவி, உலர்ந்ததை உடுத்துவோம். அருகில் நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தத் திரும்பிய முகமே எங்களுக்குச் சுவர்.

இன்று அச்சுவரைக் கைபேசி இடிக்கிறது. கண்ணாடிமுன் நின்று தன் புயத்தைப் படமெடுப்பவன், பின்னால் உடை மாற்றுபவனையும் சேர்த்தே எடுத்துவிடுகிறான். ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றித் தெரிந்தே படமெடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி 3 ஆண்டுவரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். ஆண், பெண் என்ற வேறுபாடு அப்பிரிவில் இல்லை.

ஏளனத்தைத் தடுக்கவோ சட்டமில்லை. மெலிந்த மார்பைப் பார்த்து ஒருவன் சிரித்தால் போதும். மாதக் கட்டணம் முழுவதும் செலுத்தியிருந்தும் அந்தப் பிள்ளை மறுநாள் வருவதில்லை.