பினாங்கில் ஒரு சாப்பாட்டு நடை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"எதை வேணும்னாலும் பேசு, உன் தொழிற்சாலையைப் பத்தி மட்டும் பேசாதே" என்பது சங்கச் செயலாளரின் உத்தரவு. ஆகவே சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். மதிய உணவுக்கு முன்னால் எனக்கு நேரம் ஒதுக்கியது அவர் பொறுப்பு.

2023-இல் நானும் என் மனைவியும் மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போயிருந்தோம். ஜார்ஜ் டவுன் அங்குள்ள பழைய நகரம். 1786-இல் ஆங்கிலேயர் கைக்குப் போன துறைமுகம். 2008 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அந்தத் தெருக்களில் ஒரு வழிகாட்டி நம்மை நடத்திக்கொண்டு போய், கடை கடையாக நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைப்பார். காலையில் நாலு மணி நேரம். கட்டணம் உண்டு. "சாப்பிடறதுக்கு ஒரு கைடா?" என்று என் மனைவி கேட்டாள்.

தேவைதான். எங்கள் குழுவில் கோலாலம்பூரிலிருந்து வந்த மலாய் தம்பதி இருந்தார்கள். பன்றிக் கொழுப்பு பட்ட சட்டியில் செய்தது எதுவும் ஆகாது. எங்களுக்கு மாட்டிறைச்சி ஆகாது. வேடிக்கை என்னவென்றால், வழிகாட்டியான சீன அம்மையாருக்கும் மாட்டிறைச்சி ஆகாது. அவர் வீட்டில் கருணைத் தேவியான குவான்யினைக் கும்பிடுகிறார்கள். அந்த வழிபாட்டுக்காரர் பலர் அதைத் தொடுவதில்லையாம். எந்தக் கடையில் எந்தச் சட்டி, எந்த எண்ணெய் என்பது அவருக்கு அத்துப்படி. யாரையும் பட்டினி போடாமல், யார் மனதையும் நோகடிக்காமல் நாலு மணி நேரம் கூட்டிப் போவது லேசான காரியமில்லை, நம்ம ஹாஸ்டல் மெஸ் செகரட்டரிகளுக்குத் தெரியும்.

ஒரே தெருவிலும் அதை ஒட்டியும் குவான்யின் கோயில், 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1833-ஐச் சேர்ந்த மாரியம்மன் கோயில். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்கா. சூலியா என்று சொன்னது நம் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களை. நம் கடை மலாய்க்காரர் வாயில் 'கெடாய்'; ஆப்பம் 'அப்போம்'. இடியாப்பத்துக்கு அங்கே 'புட்டு மாயம்' என்று பெயர். ஏன் என்று கேட்காதீர்கள், தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் போட்டுச் சாப்பிட்டால் கேள்வி மறந்துவிடும்.

சார் கொய்த்தியோ போடும் ஒரு சீனப் பெரியவரிடம் நின்றோம். தட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், சிப்பி, முளைப்பயறு, முட்டை எல்லாம் பெருந்தீயில் ஒரு புரட்டு. ஒரு தடவைக்கு ஒரு தட்டு. அவசரப்பட்டு நாலு தட்டுக்குச் சேர்த்துப் போட்டால் அந்தப் புகை வாசம் வராதாம். எழுபது வயதைத் தாண்டிய மனிதர். பிள்ளைகள் யாரும் கரண்டி பிடிக்கவில்லை. ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றேன். வழிகாட்டி ஒரு விதியைச் சொன்னார்: 2016-லிருந்து பினாங்கில் இப்படிப்பட்ட உள்ளூர்ப் பதார்த்தங்களைத் தெருக்கடையில் அயல்நாட்டார் சமைக்கக்கூடாது. ருசி கெட்டுப் போகுமாம்.

"ஏம்மா, உங்க தாத்தாவும் அயல்நாட்டவராத்தானே இங்க வந்தார்?" என்று கேட்டேன்.

"ஆமாம் அங்கிள். ஆனா அவர் தன் ஊர்ச் சமையலைச் செஞ்சார். அடுத்தவங்க சமையலைச் செய்யலையே!"

நல்ல பதில். அடுத்த கடை வரைக்கும் பேசாமல் நடந்தேன்.

அடுத்தது நாசி கண்டார். 'கண்டார்' என்றால் தோளில் காவுவது. ஒரு கழி, இரண்டு முனையிலும் கூடை; ஒன்றில் சோறு, ஒன்றில் குழம்பு. இப்படித்தான் தமிழ் முஸ்லிம்கள் துறைமுகக் கூலிகளுக்குச் சோறு விற்றார்கள். இப்போது கழி போய்க் கண்ணாடி அலமாரி வந்துவிட்டது. மீன் குழம்பு, கோழிக் குழம்பு, இன்னும் என்னென்னவோ எல்லாம் சோற்றின்மேல் கலந்து விழும். நிறைய வேண்டுமானால் 'பஞ்சிர்', அதாவது வெள்ளம் என்று சொல்ல வேண்டும். கல்லாவில் இருந்த பெரியவர், "வாங்க தம்பி, ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். அவர் தகப்பனார் கடையநல்லூரிலிருந்து கப்பலேறியவர். மகன்கள் இரண்டு பேரும் ஆபீஸ் வேலை. "எனக்கப்புறம் யாரு தம்பி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். மேஜை துடைத்துக்கொண்டிருந்த பையன் ராமநாதபுரம் பக்கம்.

பக்கத்துத் தட்டில் மீ கோரேங் வந்தது. சீனருடைய நூடுல்ஸ், நம் ஆட்கள் மிளகாயரைப்பு போட்டு வதக்கியது. இன்று பினாங்கின் சொந்தப் பதார்த்தம். வழிகாட்டியிடம் தட்டைக் காட்டினேன். "இது யார் சமையலம்மா?"

சிரித்துவிட்டார். "ஆனா அங்கிள், அப்போ தெருவிலே சாப்பிடறவங்க குடியிருந்தாங்க, சரியில்லைன்னா முகத்துக்கு நேரே சொன்னாங்க" என்றார். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-த்தோடு முடிந்ததும் வாடகை ஏறி, பலர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர் குடும்பமும் அப்படித்தான். மாடி வீடுகள் பலவும் இப்போது விடுதிகள். சாப்பிடுகிறவர்கள் என்னைப் போன்ற விருந்தாளிகள். எதைக் கொடுத்தாலும் போட்டோ எடுத்துக்கொண்டு பிரமாதம் என்போம். விதியைவிட இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அந்த அம்மாளுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஆனால் விதி வேண்டும் என்ற கட்சியை அவர் விடவில்லை.

நம் கல்லூரி வாசலுக்கு எதிரே இன்று காலை எனக்குப் பரோட்டா வீசிக் கொடுத்த பையன் ஒடிசாக்காரன். சால்னா வைக்க எங்கே கற்றாய் என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். "மதுரை மாஸ்டர் சொல்லிக் குடுத்தாரு, சார். உப்பு சரியா இருக்கா?" என்றான் தமிழில். கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.